ரெண்டாவது ட்ரிப்

தங்காலைக்கு இன்னும் ஆறு கட்டை இருக்கும்போது வண்டி பாரம் காட்டியது.

ரோடு தட்டையாகக் கிடந்தது. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் கடல், மேடு என்று சொல்ல ஒரு சாண்கூட இல்லை. அப்படியிருந்தும் மூன்றாம் கியரில் வண்டி முனகியது. கிளச்சை விட்டால், பின்னால் யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல ஒரு நொடி நின்று, பிறகுதான் நகர்ந்தது. கஜேந்திரன் பதினாறு வருசம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவன். ஏற்றின கொழுந்து எவ்வளவு என்று தராசில் போடுவதற்கு முன்னாலேயே அவன் காலுக்குத் தெரிந்துவிடும். இப்போது அவன் கால் சொன்னது, நாலைந்து மூட்டை.

நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து பார்த்தான். மெத்தை, கேஸ் அடுப்பு, சின்னத் தொட்டி, மடக்கு மேசை. மனைவி கலைச்செல்வியின் துணிப்பை. வேறு ஒன்றும் இல்லை. சில்லுகளைத் தொட்டுப் பார்த்தான், சூடில்லை. பிரேக் பிடித்திருக்கவும் இல்லை.

திரும்பி ஏறினபோது கலைச்செல்வி ஏனென்று கேட்கவில்லை. அவள் ஐந்து மாதமாக எதையும் கேட்பதில்லை. மடியில் கையை வைத்து முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் வந்தது, பார்த்தாள். மாட்டுக் கூட்டம் வந்தது, அதையும் அதே மாதிரிப் பார்த்தாள்.

வண்டி அவர்களுடையது அல்ல. கஹவத்தை டவுனில் டயர் கடை வைத்திருக்கும் புவாட் மொதலாளியுடையது. பழைய ஜப்பான் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் பலகை அடித்து, பின்பக்கத்தை ஒரு சின்ன அறையாக்கி வைத்திருந்தார். வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட.

"சீசன் தொடங்க முந்தி ஒரு கெழமை கடக்கரை வழிய ஓட்டிப் பாத்துட்டு வா கஜே," என்றார். "வெள்ளக்காரன் ஏறி நடுரோட்டுல நின்டா எனக்குத்தான் வெக்கம். ஒன் பொம்பளையும் கூட்டிட்டுப் போ. கல்யாணம் கட்டி எங்கயும் போயிருக்க மாட்டா தானே அந்தப் புள்ள."

"அவ வருவாளோ தெரியல மொதலாளி."

"கேக்காத. தூக்கி வச்சிட்டுப் போ. டொக்டர் என்ன சொன்னாரு? எடத்த மாத்தச் சொன்னாரா இல்லையா?"

சொன்னார்தான். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் தீபாவளிக்கு இருக்க மாட்டாள் என்றும் சொன்னார். அதை அவளை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார். கஜேந்திரனுக்கு அழுகை வரவில்லை. "சரிங்க" என்றான். வெளியே வந்து, அவள் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தான். அவளும் போய்விட்டால் தனக்கு என்று யாரும் இல்லை என்பது, பஸ்ஸில் பாதித் தூரம் வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

தங்காலையில் மீன்வாடிக்குப் பக்கத்தில், தென்னை மரங்களுக்கு நடுவில் வண்டியைப் போட்டான். மறுநாள் காலை கிளம்பினபோதுதான் அது நடந்தது.

அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் சாவியைத் திருப்பினான். திருப்பின கையோடு, பதினாறு வருசப் பழக்கத்தில், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சத்தமாகக் கேட்டான்:

"எல்லாரும் ஏறியாச்சா?"

கொழுந்து லொறியில் அதுதான் வழக்கம். ஆட்களை ஏற்றினாலும் சரி, சாக்கை ஏற்றினாலும் சரி, டிரைவர் கேட்பான். பின்னால் இருக்கிற யாராவது தகரத்தில் ரெண்டு தட்டு தட்டுவார்கள். ரெண்டு தட்டு விழாமல் லொறி நகராது. நேற்றுத் தோட்டத்து வாசலில் கிளம்பும்போதும் அவன் வாய் தன்பாட்டில் இதையே கேட்டது. அப்போது நல்ல மழை. பதில் ஏதும் அவன் காதில் விழவில்லை.

இன்றைக்கு மழை இல்லை. அலைகூட அடங்கியிருந்தது.

டக். டக்.

பின்பக்கத் தகரத்தில். உள்ளேயிருந்து.

அவன் கை சாவியிலேயே இருந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். கலைச்செல்வி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறை அவள் கண் ஒரு இடத்தில் நின்றது.

"புள்ள வந்திருக்கா," என்றாள்.

அவன் இறங்கிப் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. மெத்தையில் மட்டும், ஓரமாக, யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம். தொட்டான். ஈரம். விரலை மூக்கில் வைத்தான். கடல் வாடை இல்லை. வெட்டின மலை மண்ணின் வாடை.

அன்று மத்தியானம் அவள் பாண் சாப்பிட்டாள். கால் ராத்தல் பாணும் பருப்பும். சாப்பிட்டு முடித்து விரலை நக்கினாள். கஜேந்திரன் அதைப் பார்த்துக்கொண்டே தன் பாணைத் தின்ன மறந்துபோனான்.

மண் சரிந்தது வைகாசியில். மூன்று நாள் விடாத மழை. மலை வெடிப்பு விட்டிருக்கிறது, லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்களைக் கீழே தேயிலை ஸ்டோருக்கு இறக்குங்கள் என்று சொல்லி, பின்னேரம் மூன்று மணிக்கு லொறியை அனுப்பினார்கள். கலைச்செல்வி அப்போது ஸ்டோரில் வேலையில் இருந்தாள். மகள் துஷாந்தினி, ஒன்பது வயது, பள்ளிக்கூட உடுப்போடு லயத்தில் நின்றாள். கஜேந்திரன் அவளைக் கண்ணால் பார்த்தான். மூக்காயிக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் போனாள். மழை கண்ணாடியில் ஊற்றியது. அவன் இறங்கவில்லை. தலையை நீட்டி, எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டான். ரெண்டு தட்டு விழுந்தது. எடுத்தான்.

ஸ்டோரில் தார்ப்பாயை விலக்கினபோது துஷாந்தினி இல்லை. இடம் பத்தவில்லை என்று, அடுத்த ட்ரிப்புக்கு நிற்கிறோம் என்று பதினொரு பேர் நின்றுவிட்டார்களாம். மூக்காயி, நல்லையா, துஷாந்தினி, இன்னும் எட்டுப் பேர். யார் அந்த ரெண்டு தட்டைத் தட்டினது என்று யாரும் சொல்லவில்லை. அவன் லொறியைத் திருப்பிக்கொண்டு மேலே போனான். லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. சிவப்பாக, மெதுவாக, மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

எட்டு நாள் ஆமிக்காரர்கள் தோண்டினார்கள். யாரையும் எடுக்க முடியவில்லை. பிறகு அந்த இடத்தையே புதைகுழியாக வைத்து, ஐயரைக் கூப்பிட்டுப் பூப்போட்டு முடித்துவிட்டார்கள்.

தான் இறங்கிப் பார்க்காததைப் பற்றி அவன் கலைச்செல்வியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திக்வெல்லையில் கிளம்பும்போது அவன் கேட்டான். ரெண்டு தட்டு. தெவிநுவரையில் கேட்டான். ரெண்டு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கலைச்செல்வி ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்றாள். தலை சீவினாள். வெளிச்சவீட்டைப் பார்த்து, "இவ்வளவு ஒசரமா கட்டி என்னத்துக்கு, ஏறி கொழுந்தா பறிக்கப் போறாங்க," என்றாள். அவன் சிரித்தான். தன் சிரிப்பு தனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

ராத்திரியில் அவள் பின்னால் படுத்தாள். "நீங்க முன்னுக்குப் படுங்க. இங்க எடமில்ல," என்றாள். அவன் சீட்டைச் சாய்த்துப் படுத்தான். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அவன் கேட்க முயலவும் இல்லை. அவள் பேசுகிறாள், அது போதும் என்று படுத்துக்கிடந்தான்.

ஆனால் வண்டி பாரம் கூடிக்கொண்டே போனது. துஷாந்தினி இருபத்துமூன்று கிலோ. பள்ளிக்கூடத்தில் நிறுத்து எழுதிக்கொடுத்த துண்டு இன்னும் அவன் சட்டைப்பையில் இருந்தது. இருபத்துமூன்று கிலோவுக்கு ஸ்பிரிங் இப்படி இறங்காது. அவன் கால் அதைச் சொன்னது. அவன் அதைக் காலோடு வைத்துக்கொண்டான்.

காலையில் அவன் ஒரு போத்தல் தேத்தண்ணி ஊற்றிப் பின்னால் வைத்தான். பல் விளக்கிவிட்டு வந்தபோது போத்தல் காலி. கலைச்செல்வி கடலோரம் நின்றாள், அவள் குடிக்கவில்லை. கோப்பைகள் இரண்டும் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. போத்தல் வாயில் வெற்றிலைச் சாறு ஒட்டியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை வெற்றிலை போடாது. அதைச் சாரத்தில் துடைத்துவிட்டு மூடியைப் போட்டான்.

அன்று மத்தியானம், ரோட்டோரத்தில் இளநீர் விற்கிற சிங்களப் பொம்பளை ஒருத்தி ரெண்டு காயை வெட்டிக் கொடுத்துவிட்டு, வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனித் அய பஹின்னே நெத்த?" என்றாள். மற்றவர்கள் இறங்க மாட்டார்களா என்று.

"நாங்க ரெண்டு பேருதான்," என்றான் அவன், சிங்களத்தில்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். இந்த வெயிலில் ஜன்னலை அடைத்துவிட்டு இத்தனை பேரை உள்ளே வைத்திருக்கிறாயே, ஒரு கிழவர் இருமி இருமிச் சாகிறாரே என்று ஏசினாள். பிறகு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். கொடுத்த காசை வாங்காமல், கடையை அப்படியே விட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லையாவுக்கு நெஞ்சுச் சளி. லயத்தில் நாலு காம்பரா தள்ளிக் கேட்கும் அந்த இருமல்.

கஜேந்திரன் இளநீரைக் குடித்து முடித்தான். ருசி இல்லை. கோம்பையைக் கவனமாகக் குப்பையில் போட்டான்.

வெலிகமையில், கிளம்பும்போது, அவன் கேட்கவில்லை.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினான். கலைச்செல்வி காத்திருந்தாள். அவன் கியரைப் போட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை நிறுத்தினாள். கண்ணில் இருந்த வெளிச்சம் அணைந்தது. கதவைத் திறந்து இறங்கினாள். மணலில் நடந்தாள். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு நடந்தாள். தண்ணீர் கணுக்கால். முழங்கால். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மலையில் கொழுந்து நிரையைப் பிடித்து நடக்கிற மாதிரி, இடுப்பளவு, நெஞ்சளவு.

அவனுக்கு நீந்தத் தெரியாது. மலையில் பிறந்தவனுக்கு எங்கே தெரியும். ஓடினான். அலை அவனைத் தள்ளி மணலில் போட்டது. எழுந்தான். மறுபடி தள்ளியது. அவள் கொண்டை மட்டும் தெரிந்தது.

அங்கேயே மண்டியிட்டபடி, வேனைத் திரும்பிப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

டக். டக்.

அவ்வளவு தூரத்தில் இருந்தும் கேட்டது. அலைச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

அவள் திரும்பினாள். சேலையைப் பிழிந்துகொண்டே கரைக்கு வந்து, மண்டியிட்டுக் கிடந்த அவனுக்குக் கை கொடுத்தாள்.

"ஏன் கேக்காம எடுத்தீங்க?" என்றாள், பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அன்னைக்கும் நீங்க எறங்கிப் பாக்கல. இன்னைக்குக் கேக்கக்கூட இல்ல."

அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் தெரிந்திருந்தது.

"ஊட்டுக்குப் போவோம் கலை," என்றான்.

"போவோம். அவங்களும் அதத்தான் சொல்றாங்க."

அவங்க. அவள் அப்படித்தான் சொன்னாள்.

அக்குரஸ்ஸ, தெனியாய வழியாக ஏறினார்கள். மலை தொடங்கினதும் வண்டி உருளவே மறுத்தது. முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்து அடித்து ஓய்ந்தான். முந்திப் போகும்போது ஏசுவதற்குத் தலையை நீட்டியவன், வேனுக்குள் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். புளுத்தோட்ட இறக்கத்தில், ஒவ்வொரு வளைவிலும், பின்னால் இருந்த பாரம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. லொறியில் ஆட்கள் சாய்வதுபோல. அடுத்த வளைவில் மறுபக்கம். பிரேக் எரிந்த வாடை. அதற்கு மேலே மண் வாடை. பலகை இடுக்கில் சிவப்பாக ஏதோ கசிந்து அவன் முதுகுச் சட்டையை நனைத்தது. குளிர்ந்திருந்தது. அவன் நகர்ந்து உட்காரவில்லை. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. அவை யாருடைய கைகளோ.

இருமல் கேட்டது. குழந்தை சிணுங்கினது கேட்டது. அது துஷாந்தினியின் சிணுங்கல் இல்லை, பக்கத்துக் காம்பரா சின்னதுடையது. வெற்றிலை குதப்புகிற சத்தம். சேலை உரசுகிற சத்தம். மகளின் குரலுக்காக அவன் காதை வைத்துக்கொண்டே ஓட்டினான். ராக்வானை போனது. கஹவத்தை போனது. அந்தக் குரல் மட்டும் வரவில்லை.

தோட்டத்தில் மணி நாலு. பின்னேரப் பெரட்டில் பேர் கொடுத்து ஆட்கள் கலைந்து போய்விட்டார்கள். பனி இறங்கியிருந்தது. மண் சரிந்த இடத்துக்குப் போகிற பாதையில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. கலைச்செல்வி இறங்கி அவிழ்த்தாள்.

"இங்கதான்," என்றாள். "நிப்பாட்டுங்க."

நிறுத்தினான். எஞ்சின் அடங்கினது. வண்டிக்கு அடியில் ஸ்பிரிங் முனகினது. அவன் போய்ப் பின்கதவைப் பிடித்தான். ஒரு காரியம்தான் அவன் மனதில் இருந்தது. அன்றைக்கு இறங்கிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்க்க வேண்டும்.

திறந்தான்.

உட்கார்ந்திருந்தார்கள். மெத்தையில், தரையில், மேசைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, லொறியில் உட்காருகிற மாதிரியே நெருக்கி. ஒருவருக்கும் முகம் இல்லை. முகம் இருக்கிற இடத்தில் மண். கண்ணில் மண். வாய் நிறைய மண். அந்த மண்ணுக்குள் இருந்துதான் இருமல் வந்தது.

கலைச்செல்வி அவனை விலக்கிவிட்டு ஏறினாள். பயப்படவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி, முதல் ஆளின் முகத்தைத் துடைத்தாள். மூக்காயி. கன்னத்தைத் தட்டி வைத்துவிட்டு அடுத்த முகம். நல்லையா. அடுத்தது. சின்னவர்களை மடியில் இழுத்துத் துடைத்தாள். ஒவ்வொரு முகமாக, பொறுமையாக, பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய் மாதிரி. பத்தாவது முகத்தைத் துடைத்தாள். தலைப்பில் சுத்தமான இடம் தேடினாள். துடைக்க இன்னொரு முகம் இல்லை.

பத்துப் பேர்தான்.

"அவ இல்ல," என்றாள்.

மழை பிடித்தது. வேனின் கூரையில் மெல்லத் தட்டியது.

"இன்னொருக்கா கூப்புடுங்க."

"கலை, வேணாம்."

"ஒங்க சத்தம் அவளுக்குக் கேக்கல. அன்னைக்கும் கேட்டிருக்காது. கூப்புடுங்க."

துஷா என்று கூப்பிட்டிருக்கலாம். மகளே என்று கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறந்தான். அந்த வாய்க்கு ஒரே ஒரு கூப்பாடுதான் தெரியும். பதினாறு வருசமாக ஒன்றுதான்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

பதில் வரவில்லை.

மலை அசைந்தது.

முதலில் சரிவில். மண் பிளந்து, பிளந்த இடத்தில் ஒரு கை. பிறகு சரிவுக்கு மேலே, மண் சரியாத இடத்தில். தேயிலை மரங்களின் தூரடியில். ஐந்தாம் நம்பர் மலையில். அதற்கு மேல் மலையில். இந்தத் தோட்டத்தில் செத்தவர்களைத் தேயிலைக்குள்தான் புதைத்தார்கள். அவன் தகப்பனை. அவன் தகப்பனின் தகப்பனை. பேர் தெரியாதவர்களை. காய்ச்சலில் போனவர்களை, பிரசவத்தில் போனவர்களை, கப்பலில் வந்து, நடந்து வந்து, வந்த வருசமே போனவர்களை.

எல்லாரும்.

எழுந்தார்கள். மண்ணை உதறவில்லை. சத்தம் போடவில்லை. மக்கின கம்பளி. இடுப்பில் படங்குச் சாக்கு. முதுகில் ஓட்டைக் கூடை. பெரட்டுக்கு நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராக நிரை பிடித்து, பாதையில் இறங்கி, வேனுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நிரை வளைந்து வளைந்து மேலே போய்ப் பனிக்குள் மறைந்தது. அதன் கடைசி தெரியவில்லை.

கஜேந்திரன் முகங்களைத் தேடவில்லை. உயரத்தைத் தேடினான். அவன் இடுப்புக்கு வருகிற உயரம். அங்கே ஒன்று. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால். ஒன்பது வயதில் போன பிள்ளைகள் அந்த மலையில் எத்தனை.

கலைச்செல்வி வேனிலிருந்து இறங்கினாள். மழையில் தலைப்பை நனைத்துப் பிழிந்தாள். முதலில் நின்ற ஆளின் முகத்தைத் துடைத்தாள், உற்றுப் பார்த்தாள், தோளைத் தொட்டு ஓரமாக நிற்க வைத்தாள்.

அடுத்தது ஒரு அடி முன்னால் வந்து, குனிந்து, மண் முகத்தை அவளிடம் நீட்டியது.